முந்தானை வலத்தோளில் விழுந்த படம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் தாத்தா, ஆயா இருவரும் இருக்கும் அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்று அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. கேட்டோ மேனரில் இருந்த எங்கள் பழைய வீட்டு வாசலில், ஒரு பெரிய காரின் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆயாவின் இடுப்பில் கைக்குழந்தை. காரின் படிப்பலகையில் ஒரு பையன். அப்பா பிறந்த 1931இல் தாத்தா புதிதாக வாங்கிய பியூக் கார் இது என்றும், குழந்தை அப்பா என்றும், பையன் 1927இல் பிறந்த பெரியப்பா என்றும் வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே படம் அமெரிக்காவில் எடுத்ததாக இருக்குமோ, வீடே எங்களுடையது இல்லையோ என்று என் மகன் கேட்கிறான். நம்பர் பிளேட்டில் எண்கள் முதலிலும் இரண்டு எழுத்துகள் கடைசியிலும் மங்கலாகத் தெரிகின்றன. அப்பாவுக்குப் பின் 1937இல் ஓர் அத்தை பிறந்தார். மூவருமே இப்போது இல்லை. படத்தின் நகலையும், கணினியில் வண்ணம் ஏற்றிய பிரதியையும் அனுப்பியுள்ளேன். இது என்ன கார்? எந்த ஆண்டுக்குரியது?

பதில்: அன்புள்ள அம்மையீர், வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது பியூக் அல்ல. 1934ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு, நான்கு கதவு வைத்த செடான். படம் அமெரிக்காவில் எடுத்ததும் அல்ல; டர்பனில் பதிவான வண்டியோடு எடுத்தது. கார் எது என்று தெரிந்ததும் படத்தில் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்பதும் மாறிவிடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை நீங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே சரிபார்க்கும்படி எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பழைய கார்களின் தகரத்தைத் தட்டிச் சீராக்குவதே என் தொழில் என்றாலும், நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில், அந்த வண்ணப் பிரதியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கணினி அதற்கு நிறத்தை மட்டும் ஏற்றவில்லை. மங்கலாக இருந்த இடங்களையெல்லாம் தன் மனம்போல் இட்டு நிரப்பியிருக்கிறது. மூலப் படத்தில் முகப்புக் கிரில்லின் கம்பிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. வண்ணப் பிரதியில் அவற்றின் மேல் பாதி படுக்கைக் கம்பிகளாகிவிட்டது. மூலத்தில் ஒரு புள்ளியாக மட்டும் தெரிகிற சின்னம், பிரதியில் எந்த நிறுவனமும் செய்திராத ஒரு பூ வடிவமாக மாறியிருக்கிறது. இத்தகைய பிரதியை வைத்துக்கொண்டு காரை அடையாளம் காண்பது, வேறொருவரின் கைரேகையைப் பார்த்து நமக்குப் பலன் சொல்வதைப் போன்றது. கார் கருஞ்சிவப்பு என்று அது காட்டுவதையும் நம்ப வேண்டாம். அக்காலத்தில் வீட்டுக் கேமராக்களில் பரவலாகப் போடப்பட்ட சுருள்களுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது; கோடாக் நிறுவனம் 1931இல் கொண்டுவந்த வெரிகுரோம் சுருளும் அந்த வகைதான். அதில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே விழும். ஆயாவின் நெற்றிக் குங்குமத்தைப் பாருங்கள். மையிட்டதுபோல் கறுப்பாக இருக்கிறது. காரும் அப்படியே. அது கறுப்பாகவும் இருந்திருக்கலாம், கருஞ்சிவப்பாகவும் இருந்திருக்கலாம்; இந்தப் படத்திலிருந்து எவராலும் அதைச் சொல்ல முடியாது.

அடுத்தது, உங்கள் மகனைக் குழப்பிய ஸ்டியரிங். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுபவை. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது என்றால், ஒன்று வண்டி வெளிநாட்டு வண்டியாக இருக்க வேண்டும், அல்லது படம் இடம்வலம் மாறியிருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைக் காரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. காரின் இடப்பாதியும் வலப்பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆட்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆயாவைப் பாருங்கள். முந்தானை வலத்தோளின் மேல் விழுந்திருக்கிறது. நம் குடும்பங்களில் முந்தானை இடத்தோளில் விழுவதே வழக்கம். குஜராத்திப் பெண்கள் வலத்தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து விரிப்பார்கள் என்பதால் இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து நான் முடிவு செய்யமாட்டேன். ஆனால் ஆயாவின் முந்தானை முன்னால் வரவில்லை, நம் முறைப்படியே பின்னால்தான் தொங்குகிறது, தோள் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது தாத்தாவின் கோட்டைப் பாருங்கள். கைக்குட்டை செருகிய மேல்பை வலமார்பில் இருக்கிறது. பொத்தான் வரிசையும் பெண்கள் சட்டையைப் போல் எதிர்ப்பக்கமாக மூடியிருக்கிறது. எந்தத் தையற்காரரும் ஆண்களுக்கு அப்படித் தைப்பதில்லை. ஆக, ஆயா, தாத்தா, ஸ்டியரிங் மூன்றும் ஒரே திசையில் தவறுகின்றன. தவறு படத்தை அச்சிட்டவருடையது. நெகட்டிவைக் கண்ணாடியில் திருப்பி வைத்து அச்சிட்டால் இப்படித்தான் வரும். பழைய நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் பெரிதுபடுத்தி வாங்கிய படங்களில் இந்தப் பிழையை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

படத்தை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பிடித்துக்கொண்டு நம்பர் பிளேட்டைப் படியுங்கள். கடைசியில் இருந்த இரண்டு எழுத்துகளும் முதலுக்கு வந்துவிடும். தலைகீழ்த் திசையில் சாய்ந்திருந்த குறுக்குக் கோடு நேராகி, ‘என் டி’ என்று தெளிவாகவே படிக்கலாம். நேட்டால், டர்பன் என்பதன் சுருக்கம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வண்டியாக இருந்தால் ‘என் பி’ என்று இருந்திருக்கும், ஜோகன்னஸ்பர்க் வண்டியாக இருந்தால் ‘டி ஜே’ என்று இருந்திருக்கும். பல பத்தாண்டுகளாக டர்பன் தெருக்களில் நாம் பார்த்துப் பழகிய அந்த இரண்டெழுத்து இருக்கையில், வேறு ஊரைத் தேட வேண்டிய அவசியமில்லை. பின்னால் தெரியும் மரப்பலகையும் தகரமும் கொண்ட வீடும், வேலியோரத்து வாழைகளும் கேட்டோ மேனருக்குப் பொருந்துகின்றன. 1960களில் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வீடுகளின் அடையாளமாக மிஞ்சியிருப்பது இப்படி எதற்கோ எடுத்த படத்தின் ஒரு மூலைதான்.

இனி காருக்கு வருகிறேன். 1931 என்ற ஆண்டு பொருந்தாது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்த ஆண்டின் கார்களுக்கு ரேடியேட்டர் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். அதன் மூடி தலைக்கு மேல் வெளியே தெரியும். பியூக்கும் அப்படித்தான். மேலும் 1931 முதல் பியூக் கார்கள் எல்லாவற்றிலும் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் அடுக்கிய நீண்ட எஞ்சின் இருந்ததால், பானெட்டும் முன் சக்கரத்துக்குப் பின்னால் வெகுதூரம் நீண்டிருக்கும். உங்கள் படத்தில் இருக்கும் காரின் முகப்போ, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட்டுத் தலைகீழாகப் பிடித்ததுபோல் மேலே அகன்று, கீழே கூம்பி, மொத்தமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பானெட்டும் குட்டையானது. ஃபோர்டு நிறுவனம், எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் இரண்டு வரிசையாக அமைத்த தன் வி8 காரை மக்கள் பார்வைக்கு வைத்தது 1932 மார்ச் 31ஆம் நாள். அந்த முதல் ஆண்டு வண்டியில்கூட முகப்பு ஏறக்குறைய நிமிர்ந்தே இருந்தது, முன்பின் சக்கரங்களின் இடைவெளி 106 அங்குலம். 1933இல் அந்த இடைவெளியை 112 அங்குலமாக்கி, முகப்பைச் சாய்த்து, மட்கார்டுகளின் ஓரத்தைக் கீழே இறக்கி மூடினார்கள். உங்கள் படத்தில் இருப்பது இந்த உருவம். 1935இல் உருவம் மறுபடியும் மாறி, மட்கார்டுகள் பருத்து, கிரில் குறுகிவிட்டது. ஆகவே வண்டி 1933ஆம் ஆண்டுடையது, அல்லது 1934ஆம் ஆண்டுடையது. வேறு ஆண்டு இல்லை.

இந்த இரண்டுக்கும் இடையில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பானெட்டின் பக்கத் தகட்டைப் பாருங்கள். எஞ்சின் சூடு வெளியேறுவதற்காக வெட்டிய சாய்வான கீற்றுகள் வரிசையாகத் தெரியும். 1933இல் அந்தக் கீற்றுகள் அரிவாள் போல் இலேசாக வளைந்திருக்கும். 1934இல் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கும். உங்கள் படத்தில் நேராக இருக்கின்றன. பானெட்டைத் திறக்கும் கைப்பிடி 1933இல் பக்கத்துக்கு ஒன்று; 1934இல் பக்கத்துக்கு இரண்டு. தாத்தா இடது கையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். படம் திரும்பியிருப்பதால் அது வலது கைபோல் தெரியும். விரல்களுக்குச் சற்று முன்னால் ஒரு கைப்பிடி மினுங்குகிறது. கோட்டின் கைமடிப்புக்குப் பின்னால், பாதி மறைந்து, இரண்டாவது கைப்பிடியின் நுனி தெரிகிறது. நான் முதலில் அதைக் கோட்டுப் பொத்தான் என்று எண்ணினேன். முன்கைப்பிடியின் உயரத்திலேயே அது இருப்பதையும், கோட்டின் மற்றப் பொத்தான்கள் எலும்பு நிறத்தில் மங்கலாக இருக்க இது மட்டும் உலோகமாகப் பளிச்சிடுவதையும் பார்த்த பிறகே கைப்பிடி என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் பானெட்டை மட்டும் நம்பி ஆண்டு சொல்வது ஆபத்து. கிளேர்வுட்டில் நான் தொழில் பழகிய காலத்தில், விபத்தில் நசுங்கிய வண்டிக்கு வேறோர் ஆண்டின் பானெட்டை எடுத்து மாட்டி, நிறம் அடித்து, உரியவருக்கே தெரியாமல் அனுப்பிவைப்பது சாதாரணமாக நடந்தது. அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு உறுப்புகள் ஒரே ஆண்டைக் காட்ட வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. இங்கே இரண்டாவது சாட்சி கிரில். 1933இல் அதன் விளிம்பு பக்கவாட்டில் பார்க்கும்போது அடியில் முன்னோக்கி வளைந்து வரும். 1934இல் வளைவு போய், சட்டம் தடித்து, ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். உங்கள் படத்தில் கிரில்லின் ஓரம் பம்பர் வரைக்கும் நேராகவே இறங்குகிறது. பானெட்டும் கிரில்லும் ஒரே ஆண்டைச் சொல்வதால், 1934 என்று தயக்கமின்றி எழுதுகிறேன். பையன் பிடித்துக்கொண்டிருக்கும் முன்கதவின் கீல் பின்பக்கத்தில் இருப்பதும் இந்த மாடலுக்குரிய அமைப்புதான்; ஆனால் அது 1933க்கும் பொதுவானது என்பதால் அதைச் சாட்சியாகக் கொள்ளவில்லை.

ஒரு சந்தேகம் எழக்கூடும். இங்கிலாந்தில் டாகன்ஹம் ஆலையில் 1932 முதல் ஃபோர்டு செய்த மாடல் ஒய் என்ற சிறிய கார், முகத்தில் இதன் தம்பி போலவே இருக்கும். உண்மையில் அந்தச் சிறிய காரின் முகத்தைப் பார்த்துத்தான் பெரிய காரின் முகத்தை அமைத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் எடுத்த குடும்பப் படங்களில் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. ஆனால் அந்தச் சிறிய வண்டியின் சக்கர இடைவெளி 90 அங்குலந்தான். உங்கள் படத்தில் தாத்தாவும் ஆயாவும் தோளோடு தோள் சேர்ந்து நின்ற பிறகும், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் பையன் நிற்பதற்கும் அதற்குமேல் ஒரு கதவு அகலத்துக்கும் இடம் மிஞ்சுகிறது. சிறிய ஃபோர்டாக இருந்தால் அவர்கள் இருவருமே அதை மறைத்திருப்பார்கள்.

செவர்லே, பிளிமத், போன்டியாக் முதலியவற்றை ஏன் ஒதுக்கினேன் என்று விரிவாக எழுதப் போவதில்லை. கிரில்லும் பானெட்டும் சொன்ன பிறகு அவற்றுக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பானெட் முனையில் இருக்கும் பொம்மையைப் பார்த்து ஒருபோதும் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். பாய்மரக் கப்பல் இருந்தால் பிளிமத், கொம்புள்ள ஆட்டுக்கடா இருந்தால் டாட்ஜ் என்று நானும் இளம் வயதில் பட்டென்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை அப்படிக் கப்பலைப் பார்த்துப் பிளிமத் என்று ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் அதைச் சட்டத்தின் அடியில் பொறித்து மாட்டியும்விட்டார்கள். வேறொரு கோணத்தில் எடுத்த படம் பின்னர் வந்தபோதுதான் அது செவர்லே என்றும், யாரோ ஆசைக்குக் கப்பலை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. அந்தச் சட்டம் இன்னும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

இதை அமெரிக்கக் கார் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அது நம் ஊருக்கு வந்த வழி வேறு. தென்னாப்பிரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1923இல் கனடா ஃபோர்டின் கிளையாகத் தொடங்கப்பட்டது. போர்ட் எலிசபெத்தில் பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றில் 1924இல் உறுப்புகளைப் பூட்டிக் கார்களாக்கத் தொடங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அதே ஊருக்கு 1926இல் வந்தது. டெட்ராய்ட்டுக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் இருந்த கனடா ஆலையிலிருந்து உறுப்புகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்திறங்கும். அன்று கனடாவும் பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்த நாடு என்பதால் அங்கிருந்து வரும் பொருள்களுக்குப் பேரரசு நாடுகளில் சுங்கச் சலுகை இருந்தது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளும் அங்கேயே தயாராயின. அமெரிக்கப் படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடும்போது விளக்கு, பம்பர், உட்புறத் தோல் போன்ற சிறு பகுதிகளில் வேறுபாடு தெரிந்தால் அதனால் கலங்க வேண்டாம். கிரில்லும் பானெட்டும் பொருந்தினால் போதும்.

இது வி8தானா என்று உங்கள் மகன் கேட்பார். அந்த ஆண்டில் நான்கு சிலிண்டர் எஞ்சினோடும் இதே உடல் விற்கப்பட்டது. வெளியே சின்னத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. கிரில்லின் மேற்பகுதியில் ஒரு வெளிச்சப் புள்ளியும், பின் சக்கர மூடியின் நடுவில் எழுத்துபோல் ஒரு தடமும் இருப்பதால் வி8 என்றே நினைக்கிறேன். எனினும், ஃபோர்டு 1934 என்பதை எழுதும் உறுதியோடு அதை எழுத மாட்டேன். வி8 ஆக இருந்தால், அந்த ஆண்டு எஞ்சினுக்கு 85 குதிரைத்திறன். கேட்டோ மேனர் மேட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனாலும் மூச்சு வாங்காத வண்டி.

இப்போது, கார் எந்த ஆண்டுடையது என்பதையும் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. காரின் ஆண்டு, படத்துக்குக் கீழெல்லையை மட்டுமே தரும். 1934 கார் 1931இல் எடுத்த படத்தில் இருக்க முடியாது, ஆனால் 1945இல் எடுத்த படத்தில் தாராளமாக இருக்கலாம். அப்படியானால் மேலெல்லையை எங்கே தேடுவது? முதலில் வண்டியின் தேய்மானத்தைப் பாருங்கள். பக்கத்தில் தெரியும் முன் மட்கார்டின் நெற்றியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. யாரோ உள்ளிருந்து தட்டி நிமிர்த்தப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வெளிச்சம் அலை அலையாக உடைவது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். படத்தைத் திருப்பினால் அது வண்டியின் இடப்பக்கம் ஆகிறது, அதாவது தெருவோரப் பக்கம். கம்பத்திலோ வாசல் தூணிலோ உரசுகிற பக்கம். முன் சக்கரத்தின் மூடியும் காணவில்லை. கடையிலிருந்து அன்று வந்த கார் இப்படி இருக்காது. சில ஆண்டுகள் ஓடிய வண்டி இது. தாத்தா வாங்கியிருந்தால் பழைய வண்டியாகவே வாங்கியிருக்கவும் கூடும்.

இனி பிள்ளைகள். படம் 1934க்கு முந்தையது அல்ல என்பதால், ஆயாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை உங்கள் அப்பாவாக இருக்க முடியாது. அந்த ஆண்டில் அவருக்கு மூன்று வயது. குழந்தையோ ஒரு வயதுகூட நிறையாதது. கழுத்து நின்றுவிட்டது, ஆனால் ஆயாவின் முழங்கை இன்னும் முதுகைத் தாங்குகிறது. நீங்கள் தந்த விவரங்களின்படி அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்தவர் 1937இல் பிறந்த அத்தைதான். குழந்தை அவரே என்றால் படம் 1937இலோ 1938இலோ எடுத்தது; வண்டியின் தேய்மானமும் அதற்குப் பொருந்துகிறது. அந்தக் கணக்கில் பெரியப்பாவுக்குப் பத்து, பதினொரு வயது. அப்பாவுக்கு ஆறு, ஏழு. படிப்பலகையில் நிற்கும் பையன் சிரிக்கிறான். நீங்கள் அனுப்பிய நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் வரிசையில் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஓர் இடைவெளி இருக்கிறது. முன்பல் விழுந்து முளைக்கும் வயது ஆறு, ஏழு. பையன் பெரியப்பா என்று நீங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். என் கணக்கில் அது உங்கள் அப்பா.

இதை நான் நிரூபணம் என்று சொல்லவில்லை. அண்டை வீட்டுக் குழந்தையை ஆயா தூக்கி வைத்திருந்தால் கணக்கு மாறிவிடும். கார் ஃபோர்டு என்பதும் 1934 மாடல் என்பதும் தகரத்தில் எழுதியிருப்பவை. பிள்ளைகளின் பெயர்கள் குடும்பத்தார் ஆராய்ந்து சொல்ல வேண்டியவை. அதற்கு உதவும் இரண்டு மூன்று யோசனைகளை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் பெரிதுபடுத்திய பிரதி. முதல் படம் பெரும்பாலும் சிறியதாக, இரண்டேகால் அங்குலத்துக்கு மூன்றேகால் அங்குலம் என்ற அளவில், வெள்ளைக் கரையோடு இருக்கும். நெகட்டிவிலிருந்து நேராகத் தொட்டு அச்சிடுவது அன்றைய வழக்கம். அத்தையின் பிள்ளைகளிடமும் பெரியப்பா வீட்டிலும் அந்த அளவுப் படத்தைக் கேளுங்கள். பின்புறத்தில் கடையின் முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ இருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் கைப்பேசியில் படம் பிடிக்காமல், அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, எந்த அழகூட்டலும் இல்லாமல் அப்படியே அனுப்புங்கள். நம்பர் பிளேட்டில் இப்போது எனக்கு இரண்டு எண்கள் மட்டுமே ஐயமின்றித் தெரிகின்றன. மூலத்தில் மற்றவையும் தெரியக்கூடும்.

கார் தாத்தாவுக்குச் சொந்தமா என்பதைப் படம் சொல்லாது. கல்யாணத்துக்கு வந்த வண்டி, டாக்ஸி, முதலாளியின் வண்டி ஆகிய எல்லாவற்றின் பக்கத்திலும் நின்று நம்மவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் நம்பர் பிளேட்டின் எண் முழுவதும் கிடைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் பழைய லைசென்ஸ் ரசீது, காப்பீட்டுத் தாள், கடன் பத்திரம் இவற்றோடு ஒப்பிடலாம். அப்பாவின் பெட்டியில் படத்தோடு இருந்த தாள்களை ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். அக்காலத்து இந்தியக் குடும்பங்களின் படங்களையும் ஆவணங்களையும் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும், டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திலும் பார்க்கலாம். கேட்டோ மேனர் வீடுகளின் படங்களோடு உங்கள் வாசலை ஒப்பிட அவை பயன்படும்.

பையன் யார் என்பதற்கு, அப்பாவும் பெரியப்பாவும் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் வேறு படங்கள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகம் வயதோடு மாறினாலும் காதின் மடிப்பும் மடலின் ஒட்டும் பெரிதும் மாறுவதில்லை. படிப்பலகைப் பையன் காரின் முன்பக்கம் பார்த்துத் திரும்பியிருப்பதால் ஒரு காது நன்றாகத் தெரிகிறது. பார்வைக்கு அது வலக்காது போல் இருக்கும். படம் திரும்பியிருப்பதை மறந்துவிடாமல், மற்றப் படங்களில் இடக்காதோடு ஒப்பிடுங்கள்.